செவலையும் நானும் சாய்ந்த பக்கம்

என் குதிரை செவலைக்கு இடப்பக்கம் திரும்பத் தெரியாது. வாங்கும்போது பாய் இதை என்னிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைத்தவர் இல்லை, அவருக்கே அது தெரியாது. பாம்பன்காரரான அவர் ராமேஸ்வரத்தில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ரயிலில் வந்து இறங்கும் யாத்திரைக்காரர்களை ஏற்றி, கோயிலைச் சுற்றியுள்ள நாலு ரத வீதிகளையும் ஒருமுறை காட்டிவிட்டு, அக்னி தீர்த்தக் கரையில் இறக்கிவிடுவார். கோயிலைச் சுற்றுவது என்றால் வலமாகத்தான். காசியிலிருந்து வந்தவரானாலும் கமுதியிலிருந்து வந்தவரானாலும் அதில் மாற்றம் கிடையாது. ஆகவே செவலை, வண்டியில் பூட்டப்பட்ட நாள்முதலாக வலது, வலது, மறுபடியும் வலது என்றே திரும்பி வளர்ந்திருக்கிறான்.

பின்னாளில் நான் இதைக் கேட்டபோது பாய் சிரித்தார். "எடஞ்சுத்தி ஓட்டுனா சவாரி பாதி வழியிலயே எறங்கிப் போயிருமே டாக்டரம்மா. அல்ஹம்துலில்லாஹ், எனக்கு ஒருநாளும் அந்தத் தப்பு நடந்ததில்ல" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

நான் கால்நடை மருத்துவர். உச்சிப்புளிப் பக்கம் வேலை, வீடும் அங்கேயே ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில். ஒருநாள் பாய், வயிற்றுவலி கண்ட குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார். மருந்து கொடுத்து, மெல்ல நடக்கவிட்டு, அவன் லத்தி போடும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம். குதிரை வைத்தியத்தில் லத்தியைப் பார்ப்பதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. அந்தச் சந்தோஷத்தில் பாய் மனம்விட்டுப் பேசினார். மூட்டுவலியால் வண்டியில் ஏறி இறங்க முடியவில்லை, குதிரையை நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்றார். "எங்கிட்டயே விட்டுட்டுப் போங்க பாய்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

கல்லூரியில் படித்தபோது குதிரையேற்றம் கற்றுக்கொண்டவள் நான். வீரம் ஒன்றும் காரணமில்லை. விடியற்காலையில் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு விடுதியில் அவித்த முட்டை கொடுத்தார்கள். ஆனால் அதெல்லாம் பழைய கதை, இத்தனை வருடம் கழித்துக் குதிரை எனக்கு எதற்கு என்று ஊரே கேட்டது. வீட்டில் ஒரு சத்தம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சிலர் நாய் வளர்ப்பார்கள். எனக்குக் குதிரை வாய்த்தது.

வீடு சத்தமில்லாமல் போனது தங்கச்சி மகள் கிளம்பிய பிறகு. தங்கச்சி குவைத்தில் நர்ஸ். அவள் வீட்டுக்காரர் அதே நாட்டில் வேறொரு ஊரில், கம்பெனி கொடுத்த அறையில் ஏழெட்டு பேரோடு இருந்தார். பிரசவத்துக்கு ஊருக்கு வந்த தங்கச்சி, விடுப்பு முடிந்ததும், தவழக்கூடத் தொடங்காத பெண் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், அதனால் யாரும் கேட்பதில்லை. பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போக வழியில்லாததால் அவளும் என்னோடு மருந்தகத்துக்கு வந்தாள். வலது கையில் ஊசி, இடது இடுப்பில் பிள்ளை. ஆட்டுக்குத் தடுப்பூசி போடுவதும் மாட்டுக்குக் காய்ச்சல் பார்ப்பதும் அப்படியே நடந்தது. பேச்சு வருவதற்கு முன்பே அவள் சளி பிடித்த வெள்ளாடு போல இருமிக் காட்டுவாள். நடக்கத் தெரிந்த பிறகும் இடுப்பைவிட்டு இறங்கமாட்டாள், நானும் இறக்கிவிடவில்லை. ஓங்குதாங்காக வளர்ந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறாளே என்று ஊரில் சிரித்தார்கள்.

பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது வந்ததும் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் அங்கே ஒரு வீடு பிடித்தார்கள். பிறகு வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார்கள். நியாயம்தான். பெற்றவள் கேட்டாள், கொடுத்தேன். என்னை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை, கிளம்புவதற்கு முன்னால் நானே உட்காரவைத்துப் பெரியம்மா என்று சொல்லப் பழக்கினேன். வேறு யாராவது பழக்கியிருந்தால் அவர்களை அடித்திருப்பேன்.

அதன் பிறகு வருடங்கள் ஓடின. வேலை, விடுப்பு, டிக்கெட் என்று ஏதாவது ஒன்று தட்டிக்கொண்டே போய் அவர்கள் வரவேயில்லை. போனில் முகம் பார்த்துப் பேசுவோம். "ஹாய் பெரியம்மா" என்பாள், "சாப்பிட்டியா" என்பேன், "சாப்பிட்டேன்" என்பாள், அதற்குள் திரையில் அவள் இருந்த இடத்தில் சோபா மட்டும் தெரியும். பிள்ளைகள் அப்படித்தான் என்று தங்கச்சி சமாதானம் சொல்வாள். அந்தச் சோபாவின் பூப்போட்ட துணியை என்னால் இன்றும் வரைந்து காட்ட முடியும்.

செவலை வந்த பிறகு அது மாறியது. குதிரையைக் காட்டு என்பாள். போனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடுவேன். அவன் கொள்ளு தின்பதைக் காட்டுவேன், காதை ஆட்டுவதைக் காட்டுவேன், குளம்பைத் தூக்கிக் காட்டுவேன். அவள் போகமாட்டாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், மீனுக்கு இரை போடுவதைப் போல அந்தக் குதிரையைப் போட்டுத்தான் பிள்ளையைப் போனில் பிடித்து வைத்திருந்தேன். ஒருநாள் அவள், "நான் லீவுக்கு வந்தா என்னை ஏத்துவியா?" என்று கேட்டாள். போனபின் அவள் தனக்கென்று என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. ஏற்றுகிறேன் கண்ணு என்றேன்.

பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "அக்கா, அது சொன்ன பேச்சுக் கேக்குமா? கீழ கீழ தள்ளிவிட்டுச்சுன்னா? ரெண்டு பக்கமும் ஒழுங்காத் திரும்புற குதிரையா இருந்தாத்தான் பிள்ளைய ஏத்துவேன், சொல்லிப்புட்டேன்."

அவள் பயத்தில் சும்மா சொன்ன வார்த்தை அது. எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரம்தான் எனக்கும் செவலைக்கும் ஒரு விபத்து நடக்கவிருந்து தப்பியது. கடற்கரைக்குப் போகும் மண்பாதையில் எதிரே மீன் ஏற்றிய ஒரு சின்ன லாரி வந்தது. இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். நான் இடது கடிவாளத்தை இழுக்க, செவலை முகத்தை மட்டும் இடப்பக்கம் கொடுத்துவிட்டு உடம்போடு வலப்பக்கம் போய் லாரிக்கு முன்னாலேயே நின்றான். டிரைவர் பிரேக் போட்டு எட்டிப் பார்த்து, "ஏம்மா, லெப்ட்ல ஒதுங்கத் தெரியாமயா குதிரைமேல ஏறுனீக?" என்று கேட்டார். அந்த முதுகில்தான் நான் அவளை உட்காரவைப்பதாகச் சொல்லியிருந்தேன்.

அதுவரை அவன்மேல் போவது எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் பல வருடம் பழகியவன் போல் இருந்தான். ஜாடிக்கேத்த மூடி என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். அந்தப் பொருத்தத்தின் காரணம் பிறகுதான் தெரிந்தது, தெரிந்தபோது சிரிக்க முடியவில்லை.

லீவுக்கு இன்னும் நாளிருந்தது. வேலையைத் தொடங்கினேன். தோப்புக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் மட்டும்தான் சுற்றிலும் வெறும் தரை. மரத்தை நடுவில் வைத்து, நீளக் கயிற்றில் செவலையைச் சுற்றவிட்டேன், பிறகு மேலே ஏறியும் சுற்றினேன். தினமும் காலையில், வேலைக்குக் கிளம்பும்முன். வட்டம் அழகாக வந்தது. என் பயிற்சி பலிக்கிறது என்று நினைத்தேன். எத்தனையோ நாள் ஆன பிறகு ஒரு காலை, மழை பெய்து ஓய்ந்த தரையில் குளம்புத்தடங்களைப் பார்த்தபோது தூக்கிவாரிப்போட்டது. எல்லாத் தடமும் ஒரே திசையில் இருந்தது, வலமாக. இடப்பக்கம் திருப்பப் பழக்குகிறேன் என்று இத்தனை நாள் நான் அவனை வலமாகவே சுற்றவைத்திருக்கிறேன். காரணம் மரத்தடியில் இருந்தது. சின்னப் பிள்ளையார் ஒன்று, தலையில் எண்ணெய்ப் பிசுக்கும் காய்ந்த அருகம்புல்லுமாக. பிள்ளையாரை இடமாகச் சுற்ற என் கால் ஒருபோதும் போனதில்லை. யோசித்துச் செய்ததில்லை, கால் தானாக அந்தப் பக்கம் போயிருக்கிறது. பாயைக் கேள்வி கேட்டவளுக்கு இது வேண்டும்தான்.

அன்றைக்கே வேண்டுமென்று இடமாகச் சுற்றினேன். செவலை முறைத்தான், நான் அவனைவிட முறைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா, வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பிள்ளையாருக்கு விளக்கு வைக்கிறவள், குடத்தோடு வந்து நின்றுவிட்டாள்.

"என்ன டாக்டரம்மா, சாமிய எடமாச் சுத்துறீக? ஆகாதும்மா, வேண்டாம்."

"குதிரை பழக்குறேன்க்கா. அதுக்கு ரெண்டு பக்கமும் திரும்பத் தெரியணும்."

"குருதைக்குத் தெரியாதுன்னா உங்களுக்குமா தெரியாது? பிள்ளை வார நேரத்துல இந்த வேலையெல்லாம் எதுக்கு? வேற எங்கனயாச்சும் போய்ச் சுத்துங்க."

பிள்ளை வருகிற நேரம் என்றதும் நான் கீழே இறங்கிவிட்டேன். கடவுள் நம்பிக்கை எனக்கு அவ்வப்போது வரும், அவ்வப்போது போகும். ஆனால் பிள்ளையின் பெயரைச் சொல்லி யாராவது எச்சரித்தால் நான் அடங்கிப் போய்விடுவேன்.

ஆகவே கடற்கரைக்குப் போனோம். எங்கள் பக்கம் நிலம் ஒடுங்கிக்கொண்டே போகிறது, ராமேஸ்வரத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் பெண் கடல், வலப்பக்கம் ஆண் கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் ஆடும், பெண் கடல் குளம் போலக் கிடக்கும். அந்தப் பெண் கடல் ஓரத்தில், நீர் வற்றி இறுகிய மணலில், யாரோ தூக்கிப்போட்ட ஒரு உடைந்த மீன் ஐஸ் பெட்டியை நட்டநடுவில் வைத்தேன். ஐஸ் பெட்டியை எந்தப் பக்கம் சுற்றினாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

செவலைக்கு இடப்பக்கத்தைச் சொல்லிக்கொடுப்பது, ஒரு மனிதருக்கு இடது கையால் எழுதச் சொல்லிக்கொடுப்பதைப் போலத்தான். ஒரு பிடி கொள்ளு எடுத்து இடது தோளுக்குப் பக்கத்தில் நீட்டினேன், கழுத்தை வளைத்து எடுக்கட்டும் என்று. எப்போதும் இடப்பக்கமிருந்தே பிடித்து நடத்திப் பழகிய குதிரையை வலப்பக்கம் நின்று நடத்தினேன். முதலில் நாலடி இடப்பக்கம், பிறகு தட்டிக்கொடுப்பு. நான் கீழே நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினான். ஏறி உட்கார்ந்தால் எல்லாம் போயிற்று. கழுத்தை விறைத்துக்கொண்டு வலப்பக்கம், வட்டத்துக்கு வெளியே சரிந்துவிடுவான். எனக்குக் கோபம் வந்தது. "ஏலே, ஒனக்கு என்னதாண்டா கேடு?" என்று கடலுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறேன். அவன் காதை மட்டும் திருப்புவான்.

அவனுடைய பின்னங்கால் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்காக ஒருநாள் போனை ஐஸ் பெட்டியில் சாய்த்துவைத்துவிட்டு, செவலைமேல் ஏறி அதை விட்டு நேராக விலகிப் போனேன். திரும்பி வந்து மணலில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். குதிரையின் கால்களைப் பார்க்கவேயில்லை. மேலே உட்கார்ந்திருந்தவளைத்தான் பார்த்தேன். வலது தோள் தாழ்ந்திருந்தது. இடது இடுப்பு மேலே ஏறி வெளியே தள்ளியிருந்தது. இடது கால், அதை வைக்கும் அங்கவடியில் பட்டும் படாமலும் தொங்கியது. பாரம் மொத்தமும் வலப்பக்கம். இடுப்பில் பிள்ளையை வைத்திருக்கிற பெண்ணொருத்தி குதிரைமேல் உட்கார்ந்து போனால் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தது. பிள்ளை மட்டும் இல்லை.

மணலில் உட்கார்ந்து அழுதேன். இதில் அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை, மூக்கு ஒழுக அழுதேன். அவள் போய் வருடக்கணக்கில் ஆகிவிட்டது, என் இடுப்புக்கு அது தெரியாமலிருந்தது.

பிறகு மருத்துவர் மூளை வேலை செய்தது. குதிரை முதுகில் இருப்பவர் எந்தப் பக்கம் பாரம் வைக்கிறாரோ அந்தப் பாரத்துக்கு அடியில் போகத்தான் குதிரை பார்க்கும். என் கை இடது என்று சொல்லியிருக்கிறது, என் இடுப்பு வலது என்று சொல்லியிருக்கிறது. பாவம், அவன் எதைத்தான் கேட்பான்? கோயிலைச் சுற்றியே வலமாக வளைந்தவனும், பிள்ளையைச் சுமந்தே வலமாகச் சாய்ந்தவளும் ஒருவரையொருவர் கண்டுபிடித்துச் சுகமாக இருந்திருக்கிறோம். அந்தச் சுகத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை ஏற்ற முடியாது. அவனை நிமிர்த்த வேண்டுமானால் முதலில் நான் நிமிர வேண்டும்.

தண்ணீர்க் குடத்தை வலது இடுப்பில் வைக்கத் தொடங்கினேன். பாதித் தண்ணீர் சேலையில்தான். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்றேன். அங்கவடியைக் கழற்றிவைத்துவிட்டு, இரண்டு பக்கமும் கால் தொங்க, உட்காரும் எலும்பு இரண்டும் சேணத்தில் சமமாகப் படுகிறதா என்று கவனித்தபடி நடைபோட்டேன். சமமாகப் பட்டபோது நான் இடப்பக்கம் விழப்போகிறேன் என்று தோன்றியது. போனில் எடுத்த படத்தில் நேராக இருந்தேன். நேராக இருப்பது எனக்குக் கோணலாகத் தெரிந்தது, கோணல்தான் நேராகத் தெரிந்தது. இதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் உடம்பில் அனுபவிக்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது.

பலன் தெரியத் தொடங்கியது. இடது கால் அங்கவடியில் நின்றது. செவலை இடப்பக்கம் கால்வட்டம் வந்தான், பிறகு அரைவட்டம். அப்போதுதான் நான் நிறுத்தினேன். உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அன்று காலை மருந்தகத்தில் ஒரு பெண், ஆட்டைப் பிடிப்பதற்காகத் தன் கைக்குழந்தையை என்னிடம் கொடுத்தாள். வாங்கி இடது இடுப்பில் வைத்தேன், குழந்தை வழுக்கியது. உட்காரும் மேடு அங்கே இல்லை. வலது கையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஊரில் எந்தப் பெண்ணுக்கும் இயல்பாக வருவது எனக்கு வரவில்லை. தங்கச்சி மகள் என்னிடம் விட்டுப்போனது அந்த மேடு ஒன்றுதான். உடுப்புகளைத் தங்கச்சி எடுத்துப்போனாள், பொம்மைகளை நான் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் என் உடம்பிலேயே இருந்தது, அதையும் நானே தேய்த்து அழித்துக்கொண்டிருந்தேன். குதிரையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கோணலாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தது.

நாலைந்து நாள் பார்த்துவிட்டு அக்கா கொட்டகைக்கே வந்துவிட்டாள். செவலை சும்மா நின்று தென்னை மட்டையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"குருதை நிக்கிது, நீங்க படுத்துக் கெடக்குறீக. என்னம்மா சங்கதி?"

அவளிடம் மட்டும்தான் சொன்னேன், இடுப்பைப் பற்றியும் வழுக்கிய குழந்தையைப் பற்றியும். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. தன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாரது கைப்பிள்ளையா? வளந்த பிள்ளை. அத எடுப்புல தூக்கவா போறீக? குருதைமேலதான ஏத்தப் போறீக. அப்ப அதுக்குத் தக்கன இருங்க" என்றாள். கொஞ்சம் நின்றுவிட்டு, "எனக்கும் ரெண்டையும் தூக்குன எடுப்பு நோவுது, மழைக்காலத்துல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் சேணத்தை எடுத்து வைத்தேன்.

செவலை இடப்பக்கம் முழு வட்டம் வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காற்று அடங்கியிருந்தது. தூரத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கடிவாளத்தை இழுக்கவில்லை, இடது எலும்பில் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்த்தேன், அவ்வளவுதான். அவன் கழுத்து மெதுவாக வளைந்தது, வயிறு வளைந்தது, பின்னங்கால் முன்னங்காலின் தடத்திலேயே விழுந்தது. ஐஸ் பெட்டி ஒருமுறை எங்கள் இடப்பக்கமாகச் சுற்றி வந்தது. இறங்கி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். சந்தோஷம் பாதியும் வேறென்னவோ பாதியுமாக இருந்தது, வேறென்ன என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் ஜூலையில் வந்தார்கள். மதுரை விமான நிலையத்தில் அவளை எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. கால்கள் நீண்டு, முடி குட்டையாக, தோளில் ஒரு பையோடு ஒரு பெரிய பிள்ளை தங்கச்சிக்குப் பக்கத்தில் நடந்து வந்தது. "ஹாய் பெரியம்மா" என்றாள். பக்கவாட்டில் அணைத்துக்கொண்டாள், வந்தவர்களை எல்லாரும் அணைப்பதைப் போல. என் தோளுக்கு வந்துவிட்டாள். வழியெல்லாம் காரில் குதிரையைப் பற்றியே கேட்டாள். செவலைக்கு நான் அவ்வளவு கடமைப்பட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், அவள் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தபோது தங்கச்சி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "நீ அவள எடுப்புல வச்சிருக்க போட்டோ எங்கிட்ட அத்தனை இருக்குக்கா. நான் வச்சிருக்க போட்டோ ஒண்ணே ஒண்ணுதான், ஏர்போர்ட்ல எடுத்தது." இத்தனை வருடம் அவளிடம் எனக்கிருந்த பொறாமையை அவளும் என்னிடம் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் காலை கடற்கரையில் முதலில் நான் ஏறி இரண்டு பக்கமும் சுற்றிக் காட்டினேன். தங்கச்சி கைகட்டி நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பிள்ளையைத் தூக்கி ஏற்றினேன். அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிய அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன் என்று அப்போது தெரிந்தது. கனமாக இருந்தாள்.

இடமாகச் சுற்றினோம். வட்டத்தின் உட்பக்கம், குதிரைக்கு இடப்பக்கத்தில் நான் பிடித்து நடந்தேன். வெளிப்பக்கம், வலப்பக்கத்தில் தங்கச்சி பிள்ளையின் முழங்காலைப் பிடித்தபடி வந்தாள். செவலை பூப்போல நடந்தான். பாதி வட்டத்தில் தங்கச்சி சிரித்துக்கொண்டே, "பாருக்கா, பயத்துல எம்பக்கமே சாயிறா" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். ஆமாம், பிள்ளை வலப்பக்கம் சாய்ந்திருந்தாள். அம்மாவின் பக்கம். சரிதான் என்று நடந்தேன்.

பிறகு திசையை மாற்றினோம். வலமாகச் சுற்றும்போது உட்பக்கம் வலப்பக்கமாகிவிடும், ஆகவே நான் குதிரையின் வலப்பக்கத்துக்கு வந்தேன், தங்கச்சி இடப்பக்கத்துக்குப் போனாள். பிள்ளை இப்போதும் வலப்பக்கமே சாய்ந்திருந்தாள். தங்கச்சி போன பக்கம் போகவில்லை. வலது தோள் தாழ, வலது கை என் தலைக்கு மேலே எதையோ பிடிக்கப் போவதைப் போல லேசாக விரிய, என் பக்கம் சாய்ந்து வந்தாள். இடது இடுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு, தூக்கியிருப்பவள் எப்போதும் வலப்பக்கத்தில்தான் இருப்பாள். அவளுடைய வலது கை என் முதுகைச் சுற்றியே இருக்கும். வருடக்கணக்கில் அப்படித்தான் இருந்தது. புதிதாகக் குதிரையேறும் எல்லாருமே ஏதாவது ஒரு பக்கம் சாய்வார்கள், அதுவும் எனக்குத் தெரியும், கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் அன்று அதை நான் நம்பத் தயாராக இல்லை. தங்கச்சி நர்ஸ், உடம்பைப் பார்க்கத் தெரிந்தவள். அவள் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் வந்தாள். நேராக உட்காரு என்று பிள்ளையிடம் சொல்லவில்லை.

அந்த வட்டம் முடியும்வரை நானும் சொல்லவில்லை. அவளுடைய முழங்கால் என் தோளில் உரசிக்கொண்டு வந்தது. இன்னொரு வட்டமும் விட்டேன். அடுத்ததில் செவலையின் நடை மாறியது. பாரம் இருந்த பக்கம் தேடி அவன் பழையபடி வலப்பக்கம், வட்டத்துக்குள் சரியத் தொடங்கினான். அப்படியே விட்டால் அவள் நழுவி விழுவாள்.

"நேரா உட்காரு கண்ணு. வலப்பக்கம் சாயாத. இடது பக்கமும் கொஞ்சம் பாரம் வை" என்றேன்.

அவள் குனிந்து தன்னைப் பார்த்தாள். ஒருமுறை அசைந்து உட்கார்ந்தாள். தோள்கள் இரண்டும் சமமாயின.

"இப்படியா பெரியம்மா?"

"அப்படித்தான்" என்றேன்.

அவர்கள் திரும்பிப் போகும்வரை தினமும் ஏறினாள். ஒருமுறைகூட அவள் சாயவில்லை.